டைகர் பார்ப்: நாலு வருடம் வளர்த்தவன் சொல்கிறேன்

நண்பர் ஒருவர் மகளுக்காக மூன்றடி மீன் தொட்டி வாங்கியிருக்கிறார். கடையில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இந்த வரி போட்ட மீன் நல்லா இருக்கே, ஏஞ்சலோட விடலாமா?" என்று கேட்டார். படத்தில் இருந்தது டைகர் பார்ப். "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். அதோடு விட மனசு வரவில்லை.

என்னுடையதும் மூன்றடிதான், நூற்றுச் சொச்சம் லிட்டர் பிடிக்கும். நாலு வருடம் முன்பு சென்னைக் கொளத்தூர் மீன் கடையில் ஏஞ்சல், மோலி, கௌராமி, டைகர் பார்ப் எல்லாவற்றிலும் ஒவ்வொரு ஜோடி வாங்கினேன். "எல்லாம் ஒண்ணா இருக்கும் சார்" என்றார் கடைக்காரர். அவரைப் பொய்யர் என்றும் சொல்ல முடியாது. அவர் தொட்டியில் நூறு பார்ப் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன, ஒன்றையொன்று துரத்தவே அவற்றுக்கு நேரம் போதவில்லை.

கோளாறே அந்த ஜோடிக் கணக்கில்தான். டைகர் பார்ப் சுமத்ரா, போர்னியோ ஓடைகளில் கூட்டமாகத் திரிகிற மீன். எட்டுப் பத்து சேர்ந்திருந்தால் யார் பெரியவன் என்று தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ளும். இரண்டை மட்டும் விட்டால், வம்புக்கு ஆள் தேடிப் பக்கத்து வீட்டுக்குப் போகும்.

ஏஞ்சலுக்கு வயிற்றடியில் நூல் மாதிரி இரண்டு துடுப்பு தொங்குமே, மூன்றாம் நாள் காலையில் அதில் ஒன்று பாதிதான் இருந்தது. பார்ப் நேராக வந்து கடிக்காது. ஏதோ வேறு வேலையாகப் போகிற மாதிரி பின்பக்கம் ஒதுங்கும், ஒரு வெட்டு, ஓட்டம். ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் மோலியின் கிழிந்த வாலில் வெள்ளையாகப் பஞ்சு கட்டியது, ஒரு வாரத்தில் செத்தும் போனது. பார்ப்பைப் பிடிக்க அந்த ஞாயிறு முழுக்க வலையோடு நின்றேன். செடியெல்லாம் பிடுங்கியாயிற்று, சட்டை நனைந்தாயிற்று. கடைசியில் வலையில் விழுந்தது ஏஞ்சல்!

சரி, பிடிக்க முடியாவிட்டால் கூட்டமாவது சேர்ப்போம் என்று இன்னும் ஆறு வாங்கி விட்டேன். கடி முக்கால்வாசி குறைந்தது, நிற்கவில்லை. ஏஞ்சலையும் கௌராமியையும் எதிர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். ஏஞ்சலும் ஒன்றும் லேசுப்பட்டதல்ல. ஒரு ரூபாய்க் காசு அளவில் வாங்கினது உள்ளங்கை அளவுக்கு வளரும், கூட நியான் டெட்ரா மாதிரிப் பொடி மீன்கள் இருந்தால் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். ஆனால் அது பசிக்குத் தின்கிறது. பார்ப்புக்குப் பொழுதுபோக்கு.

இவ்வளவு திட்டுகிறேனே, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலன்று எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. ஃபில்டர் நின்றுபோய், மெழுகுவத்தி வெளிச்சத்தில் தண்ணீரில் காற்றுக் கலக்கட்டும் என்று குவளையால் மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். எட்டும் பிழைத்தன. சென்னை வெயிலுக்கு அசராது, போட்டதைத் தின்னும். ராத்திரி லைட்டைப் போட்டுப் பாருங்கள், எல்லாம் தலைகீழாகச் சாய்ந்து, மூக்கு தரையைப் பார்க்க அசையாமல் நிற்கும். முதல் தடவை பார்த்தபோது செத்துக்கொண்டிருக்கின்றன என்று வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன். தூக்கமாம். பகலில் அந்த அட்டூழியம் செய்கிற ஜென்மங்களா இவை என்று தோன்றும்.

ஆனாலும் என் முடிவு மாறவில்லை. நீளத் துடுப்பும் தொங்கும் வாலும் உள்ள மீன் ஒன்றாவது தொட்டியில் இருந்தால் டைகர் பார்ப் வேண்டாம். கப்பிக்கும் ஃபைட்டருக்கும் இதே கதிதான். பார்ப்தான் வேண்டுமென்றால் செர்ரி பார்ப் வாங்குங்கள், இலங்கை மீன், சிவப்பாக அழகாக இருக்கும், தானுண்டு தன் வேலையுண்டு என்று திரியும். நண்பருக்கும் அதைத்தான் சொன்னேன்.

நேற்று ராத்திரி எண்ணிப் பார்த்தேன், ஏழுதான் இருக்கின்றன. முதல் ஜோடியில் பெரியதைக் காணோம். ஏழு குறைச்சல், மறுபடி வம்பு ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போகிறேன். ஒன்று போதும், ஆனால் ஜோடியாகத்தான் தருவார்கள்.