நாசாவின் கடல்மட்டக் கருவி: 2100-ஐ விடுங்கள், 2050-ஐப் பாருங்கள்

தீவு மக்களோடு உட்கார்ந்து கடல் ஏறுவதைப் பற்றிப் பேசப் போகிறவர்கள் முதலில் திறக்க வேண்டியது, நாசா இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் கடல்மட்ட முன்கணிப்புக் கருவி. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021-ல் வெளியிட்ட ஆறாம் அறிக்கையின் கணக்குகள்தான் இதில் இருக்கின்றன. வரைபடத்தில் தீவுக்குப் பக்கத்தில் உள்ள புள்ளியைத் தட்டினால், 2150 வரை அங்கே கடல் எவ்வளவு ஏறலாம் என்று கோடு வரும். பனி உருகுவதால் எவ்வளவு, நீர் சூடாகி விரிவதால் எவ்வளவு, தரை தாழ்வதால் எவ்வளவு என்று பிரித்தும் பார்க்கலாம்.

எனக்கு அதிகம் உதவியது 2050-க்கான எண். எல்லோரும் 2100-க்கு ஓடுகிறார்கள், அங்கே புவியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வைப் பொறுத்து எண்கள் விரிந்துகொண்டே போக, கேட்பவர்கள் "சரி, உங்களுக்கே தெரியவில்லை" என்று எழுந்துவிடுகிறார்கள். 2050-ல் அந்தத் தொல்லை குறைவு. 1995-2014 சராசரியைவிட, உலக அளவில், உமிழ்வு மிகக் குறைந்தால் 18 சென்டிமீட்டர், மிகக் கூடினால் 23. நடுவில் ஐந்து சென்டிமீட்டர்தான். உலகம் என்ன முடிவெடுத்தாலும் இது வரும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் இந்தக் கருவி காட்டுவது சராசரி மட்டத்தை மட்டும். அலை, புயல், பௌர்ணமி ஏற்றம் எதுவும் இதில் இல்லை, தாழ்ந்த பவளத் தீவுகளில் அடிப்பதோ அவைதான். பசிபிக் கடலில், மார்ஷல் தீவுகளின் ராய்-நமூர் தீவில் 2014 மார்ச்சில் அலை கரையைத் தாண்டி உள்ளே வந்தது. நிலத்தடியில் உப்பு நீரின் மேல் மிதக்கும் நன்னீர் கெட்டு, தேற பல மாதங்கள் ஆயின. வீடு மூழ்கும் முன்பே கிணறு போய்விடும், அந்தக் கவலைக்கு இந்தக் கருவியில் பதில் கிடையாது.

அதனால் நான் செய்வது இதுதான்: பெரியவர்களிடம் அவர்கள் கண்ட மிக உயர்ந்த தண்ணீர் எந்தச் சுவரில் எதுவரை நின்றது என்று கேட்டு, அங்கே சுண்ணாம்பில் ஒரு கோடு, அதற்கு மேல் கருவி சொல்லும் அளவுக்கு இன்னொரு கோடு. வரைபடத்தைக் காட்டியபோது பேசாமல் இருந்தவர்கள், அந்த இரண்டாவது கோட்டைப் பார்த்ததும் படகுத்துறையை எவ்வளவு உயர்த்துவது, தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்று தாங்களே ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அப்புறம், கடல்மட்டத்தை அளக்கும் அலைமானி நிலையம் தீவிலிருந்து வெகு தூரத்தில் இருந்தால் தரை தாழும் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். தீவில் சிக்னல் கிடைக்காமல் போகலாம், படங்களை முன்பே சேமித்து எடுத்துப் போங்கள்.