வங்கிக் கடனை மாற்ற இடைக்காசு தேவையில்லை: திருநெல்வேலி வீட்டில் நான் பட்ட பாடு

போன கிழமை பள்ளிக்கூட ஆசிரியர் அறையில், புதிதாக மாற்றலாகி வந்த ரீச்சர் ஒருவர் கைப்பையில் இருந்து ஒரு விசிட்டிங் காட்டை எடுத்தார். "அக்கா, இவர் பாங்க் லோன் எல்லாம் மாத்திக் குடுப்பாராம். ஆளைத் தெரியுமே?"

தெரியும். அதே நீலக் காட். என்னிடமும் ஒன்று கிடக்கிறது. பெயர் எழுதப் போவதில்லை, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எனக்குச் சீதனமாக வந்த வீடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிறது, பரமேஸ்வராச் சந்தியில் இருந்து நடக்கிற தூரம். நாங்கள் கொக்குவிலில் இருக்கிறோம். 2019 இல் 50 இலட்சம் கடன் எடுத்து மேல்தளம் போட்டு, பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு ஆறு அறை வாடகைக்குக் கொடுத்தோம். அறைக்கு 8,000. தவணை 68 ஆயிரத்துச் சொச்சம், வட்டி மாறும் வட்டி. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது ஞாபகம் இருக்கும். அந்த வருடக் கடைசியில் எங்கள் தவணை 1 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. கழுத்தில் காதில் கிடந்தது எல்லாம் அடைவுகடைக்குப் போனது.

2023 ஜூனில் இருந்து வட்டி இறங்கத் தொடங்கியது. ஆனால் ஏற்றும்போது இருந்த கெதி எங்கள் வங்கிக்கு இறக்கும்போது இல்லை. 2024 நடுப்பகுதியிலும் எங்களுக்கு 15.5 வீதம். ஆஸ்பத்திரி வீதியில் இன்னொரு வங்கி 12.5 என்று பதாகை கட்டியிருந்தது. மிச்சக் கடன் 38 இலட்சம். 3 வீதம் குறைந்தால் வருடத்துக்கு 1,14,000 மிச்சம். நான் கணிதம் படிப்பிக்கிறவள், இதைச் சந்தையில் மரக்கறி வாங்கும்போதே கணக்குப் போட்டுவிட்டேன்.

நேரே அந்த வங்கிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வர வங்கி பூட்டிவிடும், லீவு எடுக்க மனமில்லை. கோயிலடியில் பழக்கமான ஒருவர் இந்தத் தரகரைக் கூட்டிவந்தார். முன்பு காணி வித்துக் கொடுத்தவர், இப்போது கடன் அலுவலும் பார்க்கிறாராம். நல்ல மரியாதையான ஆள், வாய்க்கு வாய் ரீச்சர், ரீச்சர். "நீங்கள் ஒண்டுக்கும் அலைய வேண்டாம், பைலை என்னட்டத் தாங்கோ." பைல் செலவுக்கு என்று 25,000 அன்றைக்கே வாங்கினார். கடன் வந்தால் அதில் நூற்றுக்கு 2 கமிஷன்.

பேந்துதான் இடைக்காசுக் கதை வந்தது. "பழைய பாங்க் காசு முழுக்கக் கட்டினால்தான் உறுதியை விடும். புது பாங்க் உறுதி இல்லாமல் காசு விடாது. நடுவில ஒராள் காசு போட வேணும் ரீச்சர். ரவுணில என்ர ஆள் ஒருத்தர் இருக்கிறார். நூற்றுக்கு மூண்டு. பத்து நாள் அலுவல்."

உறுதி என்றால் காணிப் பத்திரம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நூற்றுக்கு மூன்று என்றால் இங்கே மாத வட்டி என்பது எனக்குத் தெரியும். 38 இலட்சத்துக்கு மாதம் 1,14,000, பத்து நாளுக்கு 38,000, தாங்கலாம் என்று நினைத்தேன். கணக்குப் பிழையில்லை. பத்து நாள் என்றதுதான் பொய்.

ஒரு சனிக்கிழமை தரகர், உறுதி எழுதுகிற நொத்தாரிசின் எழுத்துப்பிரதியோடு வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி, கலியாணம் கட்டின பெண் தன் சீதனக் காணியை ஈடு வைப்பதற்கும் விற்பதற்கும் புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். என்னுடைய வீட்டுக்கு இவர் ஏன் ஒப்பம் வைக்க வேண்டும் என்று 2019 இல் நொத்தாரிசோடு சண்டை பிடித்தவள் நான். அன்றைக்கு அந்தச் சட்டம்தான் எங்களைக் காப்பாற்றியது. என் மனுசன் இளைப்பாறிய தபாலதிபர், எதையும் வாசிக்காமல் ஒப்பம் வைத்த ஆள் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்து வரிவரியாக வாசித்துக்கொண்டு போனவர் இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"தம்பி, இதில 'அறுதியாக விற்று' எண்டு கிடக்கு. ஈடு எண்டெல்லோ சொன்னனீர்?"

"அது சும்மா ஒரு பாதுகாப்புக்கு அண்ணை. காசு கட்டின அண்டைக்கே திருப்பி எழுதித் தந்திடுவார். எல்லாரும் இப்பிடித்தான் செய்யிறது."

எல்லாரும் இப்படிச் செய்கிறார்கள் என்பது உண்மைதான். அதனால்தான் இவ்வளவு வழக்கு. காணி கைமாறுவதற்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வேண்டும் என்று 1840 இல் இருந்தே மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அறுதி உறுதி, அதாவது முழுக்க விற்றதாக உறுதி, எழுதிப் பதிந்த பிறகு, திருப்பித் தருவேன் என்று வாயால் சொன்னதை நிறுவ எத்தனை வருடம் நீதிமன்றப் படி ஏற வேண்டுமோ! தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது. மனுசன் தாள்களை அடுக்கி அவருடைய கையிலேயே கொடுத்துவிட்டார். இரண்டு நாளால், சரி ஈட்டுறுதியே எழுதுவோம், ஆனால் திகதி பின்போட்ட காசோலை மூன்று வேண்டும் என்று சொல்லி வந்தார்கள். அந்த இடத்தில் விட்டிருக்கலாம். பைலுக்குக் கொடுத்த காசு கண்ணைக் குத்தியது. ஒப்பம் வைத்தோம்.

பழைய வங்கிக் கடன் தீர்ந்தது. தீர்க்கப் போனபோதுதான் முன்கூட்டியே கட்டுவதற்கு 3 வீதம் கட்டணம் என்று சொன்னார்கள். அதுவும் 1,14,000. 2019 கடன் கடிதத்தில் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. நான் வாசிக்கவில்லை, அது என் பிழை. அங்கே இருந்த உத்தியோகத்தர் இன்னொன்றும் சொன்னார்: "மிஸ், வட்டியைக் குறைக்கச் சொல்லி ஒரு கடிதம் தந்திருக்கலாமே. கன பேருக்குக் குறைச்சிருக்கிறம்." அன்றைக்கு இரவு நான் சாப்பிடவில்லை.

பத்து நாள் போனது, ஒரு மாதம் போனது. தரகர் போன் எடுத்தால் "பைல் கொழும்புக்குப் போயிருக்கு" என்பார். பிரதேச சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் பிந்துகிறது என்பார். அந்தச் சான்றிதழை நானே போய் எடுத்தேன், சோலைவரி கட்டின துண்டைக் காட்டி. கடைசியில் இரண்டு நாள் லீவு போட்டுப் புது வங்கிக்கே போனேன். முகாமையாளர் பைலைத் திறந்து ஒரு வாடகை ஒப்பந்தத்தை எனக்கு முன்னால் வைத்தார். மாத வாடகை 85,000 என்று இருந்தது. கீழே என் ஒப்பம்.

வங்கியின் மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்க்கப் போனவர், முற்றத்தில் துவிச்சக்கரவண்டி கழுவிக்கொண்டு நின்ற பொடியனிடம் வாடகை எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். பொடியன் உள்ளதைச் சொல்லியிருக்கிறான், அறைக்கு 8,000. அத்தோடு பைல் மூலைக்குப் போய்விட்டது. கடன் கூடக் கிடைத்தால் கமிஷனும் கூடும், அதற்காகத்தான் அந்த 85,000. ஒப்பம் எப்படி வந்தது என்றால், முதல் நாளே "விண்ணப்பத்துக்கு" என்று வெறும் தாள்களில் வாங்கியிருந்தார்.

உண்மையான ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தேன். எழும்பும்போது இடைக்காசைப் பற்றிக் கேட்டேன். முகாமையாளர் முகத்தைச் சுளித்தார். "ஏன் அம்மா? நாங்கள் பழைய பாங்க்குக்குக் கடிதம் குடுப்பம், இவ்வளவு காசு கட்டுறம், உறுதியை எங்கட நொத்தாரிசிட்டத் தாங்கோ எண்டு. காசோலை அந்த பாங்க்கின்ர பேரில போகும். ஈட்டை விடுவிக்கிறதும் புது ஈடு எழுதுறதும் ஒண்டாய் முடிஞ்சிடும். நடுவில ஒருத்தரும் தேவையில்லை." பத்து நிமிசக் கதை. இதை ஒரு மாதம் முந்திக் கேட்டிருக்கலாம்.

கடன் வர மூன்று மாதம் முடிந்துவிட்டது. இடைக்காசு வட்டி 3,42,000, கடைசி மாதத்தைக் கனடாவில் இருக்கிற தம்பிதான் அனுப்பினான். கமிஷன் 76,000, பைல் செலவு 25,000, அந்தத் தனியார் ஈட்டை எழுதவும் மீட்கவும் நொத்தாரிசுக்கு 62,000. வீணாகப் போனது 5,05,000. வருடம் 1,14,000 மிச்சம் பிடிக்கப் போனவளுக்கு நாலரை வருடத்து மிச்சம் முதலிலேயே போய்விட்டது. கொடுத்த காசு ஒன்றுக்கும் பற்றுச்சீட்டு இல்லை. மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு எடுத்தேன். அது வங்கி, நிதிக் கம்பனிகளைப் பற்றி முறையிடத்தான், விசிட்டிங் காட்காரருக்கு இல்லை.

தரகர் எல்லாரும் கள்ளர் என்று சொல்ல வரவில்லை. எங்கள் அதிபருக்கு ஒருவர் பத்திரம் எல்லாம் எடுத்துக் கொடுத்து, கடன் கைக்கு வந்த பிறகு 15,000 வாங்கிக்கொண்டு போனார். ஒருநாளும் வெறும் தாளில் ஒப்பம் கேட்கவில்லை.

புது ரீச்சருக்கு இதை முழுக்கச் சொன்னேன். அந்தக் காட்டை என்னிடமே தந்துவிட்டார்.

இடைக்காசுக்காரருக்குக் கொடுத்த மூன்று காசோலையில் இரண்டு என் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. மற்றதை நிறுத்தச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெறும் தாளில் நாலு ஒப்பம் வைத்ததாக ஞாபகம். ஒன்று வாடகை ஒப்பந்தமாக வந்தது. மற்ற மூன்றையும் கேட்டால் "கிழிச்சுப் போட்டன் ரீச்சர்" என்கிறார். பொலிஸில் முறைப்பாடு எழுதிவைத்துவிட்டு, வருகிற திங்கள் காணிப் பதிவகத்தில் கேவியற் போடப் போகிறோம், எங்கள் காணியில் ஏதாவது பதிய வந்தால் எங்களுக்கு அறிவிக்கச் சொல்லி. அதற்கும் ஒருநாள் லீவு.