மதுரையில் டஸ்கன் லெதர்: கேட்கிற விலைக்குத் தகுமா?

அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் டாம் ஃபோர்டின் ‘பிரைவேட் பிளெண்ட்’ வாசனை வரிசையில் 2007இல் வெளிவந்த டஸ்கன் லெதர், தோல் மணம் கொண்ட வாசனைத் திரவியங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொள்ளும் அளவுகோலாக இருக்கிறது. பெரிய குழுமத்தின் கையில் இருக்கும் ஒரு பெயரை ‘நிஷ்’, அதாவது சிறு நிறுவனங்கள் குறைந்த அளவில் செய்யும் தனித்துவமான வாசனை, என்று அழைப்பது கறாராகப் பார்த்தால் பொருந்தாது. ஆனாலும் விலையும் குணமும் அந்த வகையைச் சேர்ந்தவை என்பதால் வாங்குகிறவர்கள் அப்படியே அழைக்கிறார்கள். 50 மில்லி புட்டி நம் நாட்டில் 20,000 ரூபாயைத் தாண்டும். கத்திரி வெயில், ஐப்பசி மழை, மார்கழிப் பனி என்று எல்லாப் பருவத்திலும் மதுரையிலேயே இதைப் பூசிப் பழகியவன் என்ற முறையில், இந்தப் பக்கத்தில் குடியிருப்பவர் இதை வாங்கலாமா என்பதை மட்டும் எழுதுகிறேன்.

இந்த மணத்தில் தோல் என்ற பொருளே கிடையாது. தோல் வாடை என்று நாம் உணர்வதை வாசனை வல்லுநர்கள் பல பொருள்களைக் கூட்டித்தான் உருவாக்குகிறார்கள். பிர்ச் மரப்பட்டையைச் சூடாக்கி எடுக்கும் தார் எண்ணெயை ரஷ்யாவில் தோலுக்குப் பூசிவந்தார்கள். 1920களின் ‘ரஷ்யத் தோல்’ வகை வாசனைகளின் புகைமணம் அங்கிருந்து வந்தது. பதப்படுத்தாத பிர்ச் தாரைச் சேர்க்கக் கூடாது என்பது இன்று அத்துறையின் சர்வதேச விதி. ஐசோபியூட்டைல் குயினோலின் என்ற செயற்கைப் பொருள் பச்சைக் கசப்பும் தோல் வாடையும் தரும். 1944இல் ழெர்மேன் செலியே என்ற வாசனை வல்லுநர் உருவாக்கிய ‘பாண்டிட்’ என்ற வாசனைத் திரவியம் அதைத் துணிந்து பயன்படுத்தியதற்குப் பேர்போனது. டஸ்கன் லெதரில் இந்தக் கசப்பின் மேல் ராஸ்பெரிப் பழத்தின் இனிப்பும் குங்குமப்பூவின் காரமும் ஏறி நிற்கின்றன. புது ஜாக்கெட், புதுக் கார் இருக்கை ஆகியவற்றின் வாடையை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும்.

நம் பக்கத்தில் தோல் வாடை என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது திண்டுக்கல் தோல் ஷாப்பு, அதாவது தோல் பதனிடும் கூடம். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலை ஊறவைத்துப் பதப்படுத்திய மரபு தமிழ்நாட்டுக்கு நெடுநாளாக உண்டு. அந்தத் தொட்டிகளைக் கடந்து போனவர்களுக்கு அது பணம் கொடுத்து வாங்கும் மணமாகத் தோன்றாது. நான் இதை முதலில் பூசிக்கொண்டு கூடத்துக்குள் வந்தபோது அப்பத்தா முகத்தைச் சுளித்துக்கொண்டு, “ஏய்யா, புதுச் செருப்ப வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்கியா?” என்று கேட்டார். செருப்பில்லை என்று சொன்ன பிறகும் நம்பாமல் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அவர் மூக்கு சொன்னது பிழையில்லை என்பதால் அதையும் ஒரு மதிப்புரையாகவே எடுத்துக்கொள்கிறேன். இருபதாயிரத்துக்கு மேல் செலவழித்த மணத்தைச் சுற்றியிருப்பவர்கள் மெச்ச வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் சந்தனம், ரோஜா பக்கம் போவதே நல்லது.

வெயிலைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. உடல் சூடு ஏற ஏற, பழம் போன்ற லேசான மணங்கள் விரைந்து பறந்துவிடுகின்றன. சாதாரணமாக மெல்ல எழும் கனமான மணங்களும் ஒரே சமயத்தில் கிளம்பிவிடுகின்றன. மார்கழிக் காலையில் ராஸ்பெரி நெடுநேரம் முன்னால் நின்று, பிறகு அதன் அடியிலிருந்து தோல் பதமாகத் தலைகாட்டும்; பிற்பகலில் சட்டைக் கழுத்தில் மெத்தென்ற ஸ்வேட் (உட்புறத்தைத் தேய்த்து மென்மையாக்கிய தோல்) வாடை மட்டும் தங்கியிருக்கும். இந்த மணத்தின் முழு அழகும் அந்த நடையில்தான் இருக்கிறது. சித்திரையில் அதே அளவு பூசிக்கொண்டு மாட்டுத்தாவணிக்குப் பேருந்தில் போனால், தெற்குவாசலைத் தாண்டுவதற்குள் பழம் காணாமல் போய், வியர்வையோடு சேர்ந்த கசப்பு மட்டும் முன்னால் வந்து நிற்கும். பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறப்பார். கோடையில் சட்டைக்கு உள்ளே நெஞ்சில் ஒரே ஒரு முறை அடிப்பதற்கு மேல் இது தாங்காது. வெள்ளைச் சட்டையின் மீது நேரடியாக அடிக்காமல் இருப்பதும் நல்லது. பருத்தித் துணியில் ஒட்டிய அடிமணம் ஒரு சலவைக்குப் பிறகும் லேசாகத் தெரிகிறது.

எதிர்பாராத இன்பம் ஒன்று மல்லிகையால் கிடைத்தது. குண்டு மல்லியில் இண்டோல் என்ற பொருள் உண்டு. பூ முற்றி மலரும்போது வரும் அந்தக் கிறக்கமான, சற்றே விலங்குத்தன்மை கொண்ட அடிமணத்தில் அதற்குப் பங்கிருக்கிறது. டஸ்கன் லெதரின் சேர்க்கைப் பட்டியலிலேயே இரவில் மலரும் மல்லிகை இடம்பெறுகிறது. ஏசி போட்ட கல்யாண மண்டபத்தில் தலை நிறையப் பூ வைத்த மதினிமார்களுக்கு நடுவே நின்றபோது, இதன் கசப்பு மழுங்கி, தோல் வாடை செழிப்பாக மாறியதை உணர்ந்தேன். இத்தாலியின் ஒரு பகுதியைப் பெயரில் வைத்திருக்கும் இந்த மணம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது அந்த மண்டபத்தில்தான்.

இனி விலை. ஒரு முறை அமுக்கினால் சுமார் 0.1 மில்லி வெளிவரும் என்று கொண்டால், 50 மில்லியில் 500 முறை அடிக்கலாம். புட்டி 25,000 ரூபாய் என்றால் ஒரு முறைக்கு 50 ரூபாய் ஆகிறது. கோடையில் ஒரு முறை போதும் என்பதால் புட்டி ஆண்டுக்கணக்கில் வரும். இருட்டான அலமாரியில், அதன் பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைத்தால் பூசியதும் முதலில் எழும் மேல்மணங்கள் முதலில் கெடும்.

இதே சாயலில் துபாய் வாசனை நிறுவனமான ரசாசியின் ‘லா யுகவ்வம்’ சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. தொடக்கம் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கிறது. டஸ்கன் லெதரின் மேன்மை எனக்குத் தெரிவது பிற்பகலின் அந்த ஸ்வேட் வாடையில்தான். பைக்கிலும் வெயிலிலும் பொழுதைக் கழிப்பவருக்கு அந்தக் கட்டம் வாய்ப்பதே அரிது. அவர் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை. நாளின் பெரும்பகுதியை ஏசி அறையில் கழிப்பவர், அதிலும் இந்தக் கசப்பை விரும்புபவர், தாராளமாக வாங்கலாம். அவரும் முதலில் 5 மில்லி டிகேண்ட் (பெரிய புட்டியிலிருந்து பிரித்து ஊற்றிய சிறு குப்பி) ஒன்றை நம்பகமானவரிடம் வாங்கி, பங்குனி முதல் வைகாசி வரை பூசிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். மார்கழியில் முகர்ந்து பார்த்தால் யாருக்குமே பிடித்துவிடும்.