வளவு வீடு: பூட்டி வைப்பதா, விடுதிக்கு விடுவதா?

செட்டிநாட்டில் இருக்கும் எங்கள் வளவு வீட்டில், அதாவது முற்றத்தைச் சுற்றி அறைகள் வைத்துக் கட்டிய வீட்டில், இப்போது ஒன்பது புள்ளி, கல்யாணமான ஒன்பது குடும்பங்கள். சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு திசை. ஊரில் இருப்பது காவல்கார அண்ணனும் அவர் வீட்டம்மாவும் மட்டும்தான். இந்த வருஷம் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்குக் கூடியபோது பழைய பேச்சு மறுபடி வந்தது: வீட்டை என்ன செய்வது? பிரித்து விற்கலாம், கட்டணம் வைத்துப் பார்க்க விடலாம், விடுதிக்குக் குத்தகைக்கு விடலாம், இல்லை இப்படியே பூட்டி வைக்கலாம். நான்கு வழியிலும் போன வீடுகளைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. செட்டிநாட்டு வீடு குடியிருக்க மட்டும் கட்டியதல்ல. முகப்பில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்து வரவு செலவு எழுதினார். வளவைச் சுற்றி, கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. 'வேறு வைத்த' பிறகு தனி அடுப்பு, ஆனால் கூரை ஒன்றுதான். அறைக்குள் சீர்சாமான் இருக்கும், ஆட்கள் பட்டாலை என்ற உயர்ந்த தளத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். இரண்டாம் கட்டில் பந்தி, அதற்குப் பின்னால் சமையலும் கிணறும். இத்தனைக்கும் பணம் கடல் தாண்டி வந்தது, முக்கியமாகப் பர்மாவில் செட்டியார்கள் நடத்திய வட்டித் தொழிலிலிருந்து. 1930களில் நெல் விலை சரிந்து, கடனுக்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்தபோது, கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. 1942-ல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. 1948-ல் நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டம் வந்தது. வீடு நின்றது, அதைத் தாங்கிய வருமானம் நின்றுபோனது.

பிரித்து விற்பதைப் பற்றிப் பேசவே எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். ஒரு கடை வாசலில் தேக்கு வாசல் நிலை ஒன்று சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நடுவில் கஜலட்சுமி. அவள் பாதத்துக்குக் கீழே காய்ந்த சந்தனமும் குங்குமமும் அப்படியே ஒட்டியிருந்தன. கடைசியாக யாரோ ஒரு ஆச்சி வெள்ளிக்கிழமை வைத்தது. அதற்கு மேல் எனக்கு விலை கேட்கத் தோன்றவில்லை. 1996-ல் முட்டுக்காட்டில் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், இடிபட்ட வீடுகளின் மரங்களையும் தூண்களையும் கொண்டு செட்டிநாட்டு வீடு ஒன்றை எழுப்பி வைத்திருக்கிறார்கள். அருமையான வேலை. ஆனால் அது ஏற்கெனவே விழுந்துவிட்ட வீட்டுக்குத்தான் நல்ல கதி. நிற்கிற வீட்டுக்கு அந்த வழி வேண்டாம்.

கட்டணம் வைத்துக் காட்டுவது ஆத்தங்குடி லட்சுமி வீட்டில் நடக்கிறது, அங்கே சினிமா படப்பிடிப்பும் உண்டு. அது பேர் பெற்ற பெரிய வீடு, ஆத்தங்குடித் தரைக் கல் பார்க்க வருகிறவர்கள் தேடி வருவார்கள். எங்கள் தெருவுக்கு யார் வருவார்கள்?

ஆக, உண்மையான போட்டி பூட்டுக்கும் விடுதிக்கும்தான்.

பூட்டி வைத்தால் வீடு நம்முடையது, உண்மை. படைப்புச் சாமான் வைக்கும் பேழை சாமி அறையிலேயே இருக்கும், அறுபதாம் ஆண்டு சாந்தி கல்யாணத்துக்கு யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் ஆளில்லாத வீட்டை மழைதான் ஆள்கிறது. கூரையின் இரண்டு சரிவும் சேரும் கூடல்வாயில் வேப்பிலைச் சருகு அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் முற்றத்துக்கு இறங்காமல் ஓட்டுக்கு அடியில் புகுகிறது. எங்கள் வளவின் வடகிழக்கு மூலையில் கூரை தாங்கும் கைமரத்தை விரலால் அழுத்தினேன், நகம் உள்ளே போனது. நூறு வருஷத் தேக்கு! வீட்டில் ஆள் இருந்திருந்தால் முதல் சொட்டிலேயே ஒருவர் ஏறிச் சருகை அள்ளியிருப்பார்.

விடுதியில் அந்த ஆள் இருக்கிறார். கானாடுகாத்தான் விசாலம், கடியாபட்டி சிதம்பர விலாஸ், பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் புதுப்பித்த கொத்தமங்கலம் சாரதா விலாஸ் என்ற மூன்று விடுதிகளிலும் ஓடு சரியாக இருக்கிறது, தூண் துடைக்கப்படுகிறது, பந்தியில் இலை விழுகிறது. விசாலம் ஒரு தகப்பனார் மகளுக்காகக் கட்டிய வீடு, அவள் பெயரே இன்றும் வாசலில் நிற்பது மனதுக்கு இதமாக இருந்தது. இழப்பும் உண்டு. சாமான் வைத்த அறையைப் படுக்கையறை ஆக்கினால் குளியலறை வேண்டும், குளியலறை வந்தால் சுவருக்குள் குழாய் வரும். ஒழுகினால் அவசரத்துக்கு சிமெண்டைப் பூசுவார்கள், சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட முடியாமல் உள்ளே உப்பிப்போகும். ஒப்பந்தத்தில் இதை எழுதாமல் சாவியைக் கொடுக்கக் கூடாது.

2014-ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் சேர்த்தார்கள், பெருமைதான். ஆனால் எங்கள் கூரையில் ஓடு மாற்றுவது பங்காளிகளின் வேலை.

என் வாக்கு குத்தகைக்கு. விற்பனை கிடையாது. சாமி அறைச் சாவி எங்களிடம் இருக்கும், படைப்பு நாட்களில் வீடு முழுவதும் எங்களுக்கு, சுண்ணாம்பைத் தவிர வேறு பூச்சு இல்லை. பெரியப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. "அப்பத்தா படுத்த பட்டாலையில் யாரோ காசு கொடுத்துப் படுப்பதா?" என்கிறார். அவரிடம் அந்தக் கைமரத்தைக் காட்டினேன். வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, "ஐப்பசி மழைக்கு முன்னாடி இதை மாத்திடணும், அப்புறம் பேசுவோம்" என்றார். சரி என்று தச்சருக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.