‘ப்ரோவோஸ்ட்’ என்றால் யார்? மூன்று இணைய அகராதிகளில் தேடிப் பார்த்தேன்

அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் எப்படியும் ஒரு கட்டத்தில் ‘ப்ரோவோஸ்ட் அலுவலகம்’ என்ற பெயரைப் பார்த்துவிடுவார்கள். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் வேந்தர், துணைவேந்தர், பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் என்று எல்லாரும் உண்டு, இந்தப் பதவி மட்டும் கிடையாது, அதனால் இது பெரிய பதவியா சின்ன பதவியா என்றுகூட நமக்குப் பிடிபடாது. காசு கொடுக்காமல் பார்க்கக்கூடிய மூன்று அகராதிகளில் இந்த ஒரு சொல்லை மட்டும் தேடினேன்.

முதலில் மெரியம்-வெப்ஸ்டர். அமெரிக்க அகராதிதானே, அமெரிக்கப் பதவிக்கு இதுதான் சரி என்று யாருக்கும் தோன்றும். ஆனால் பக்கத்தைத் திறந்ததும் தேவாலய நிர்வாகி வருகிறார், அப்புறம் ஸ்காட்லாந்து நகரத் தலைவர், அப்புறம் சிறைக் காவலர், இவர்களையெல்லாம் தாண்டித்தான் பல்கலைக்கழக உயர் அதிகாரி. இதற்குக் காரணம் உண்டு. ஒரு சொல்லின் பொருள்களில் ஆங்கிலத்தில் முதலில் வழங்கியது எதுவோ அதை முதலில் போடுவது இந்த அகராதியின் முறை. சொல்லின் வரலாறு தேடுகிறவருக்கு இது அருமையான ஏற்பாடு. லத்தீனில் ‘முன்னால் வைக்கப்பட்டவர்’ என்ற பொருளில் கிளம்பிய சொல் கோயில், நகரம், சிறை என்று போய்க் கடைசியில் பல்கலைக்கழகத்துக்கு வந்த வழி அப்படியே தெரிகிறது. ஆனால் அவசரத்தில் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு மூடுகிற மாணவர் யாரோ பாதிரியார் என்று நினைத்துக்கொள்வார். அகராதியில் முதல் பொருள்தான் முக்கியமான பொருள் என்று பள்ளியிலிருந்தே நமக்குப் பழகிவிட்டது, அதனால் இந்த அகராதியைக் கைப்பேசியில் வைத்திருப்பவர்கள் இந்த முறையைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து ஆக்ஸ்போர்டின் கற்போர் அகராதி, ஹார்ன்பி என்ற ஆங்கில ஆசிரியர் தொடங்கிவைத்தது. இது பிரிட்டனில் என்ன பொருள், அமெரிக்காவில் என்ன பொருள் என்று நாட்டுவாரியாகப் பிரித்துக் காட்டுகிறது. இந்தச் சொல்லுக்கு அதுதான் முதல் தேவை. ஆக்ஸ்போர்டின் ஓரியல், குயின்ஸ், வுஸ்டர் கல்லூரிகளிலும் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியிலும் ப்ரோவோஸ்ட் என்றால் அந்தக் கல்லூரியின் தலைவர். அமெரிக்காவில் அவர் முழுப் பல்கலைக்கழகத்துக்கும் கல்விப் பொறுப்பாளர். உச்சரிப்புக்கு இரண்டு ஒலிபெருக்கிப் படங்கள் இருக்கின்றன, தட்டினால் பிரிட்டன்காரர் ‘ப்ராவஸ்ட்’ என்கிறார், அமெரிக்கர் ‘ப்ரோவோஸ்ட்’ என்று இழுக்கிறார். நேர்காணலுக்குப் போகிறவர்கள் இந்த இரண்டையும் ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது காலின்ஸ் தளத்தில் வருகிற கோபில்டு விளக்கம். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் மொழியியலாளர் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவாகி 1987-இல் முதல் பதிப்பு வந்த அகராதி. ஒரு ஆசிரியர் எதிரே உட்கார்ந்து சொல்வதுபோல முழு வாக்கியத்தில் பொருள் சொல்லும். ஆசிரியர்கள், பாடத்திட்டம் போன்ற விஷயங்களைக் கவனிக்கிற அதிகாரி என்று அங்கே படித்த உடனே, நம் விண்ணப்பத்துக்கும் இவருக்கும் என்ன தொடர்பு என்பது புரிந்துவிடுகிறது.

ஆனாலும் மூன்றிலும் ஒரு குறை. பதவியின் கனம் வரவில்லை. பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் டீன்கள் இவருக்குக் கீழே வருகிறார்கள், கல்விக்கான பணம் எந்தத் துறைக்கு எவ்வளவு என்பதில் இவர் சொல்லுக்குப் பெரிய மதிப்பு உண்டு, தலைவருக்கு அடுத்த இடம் என்றே சொல்லலாம். கண்டலீசா ரைஸ் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஆவதற்கு முன்பு, 1993 முதல் 1999 வரை, ஸ்டான்போர்டில் ப்ரோவோஸ்டாக இருந்தவர். ஹார்வர்டில் 2011 முதல் ப்ரோவோஸ்டாக இருந்த ஆலன் கார்பர் 2024-இல் அதே பல்கலைக்கழகத்தின் தலைவரானார்.

இன்னொரு குறை எனக்கு உண்மையிலேயே வருத்தம். நம் பக்கத்து வழக்கு, நான் பார்த்த வரையில், எதிலும் இல்லை. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்திலும் டாக்கா பல்கலைக்கழகத்திலும் ப்ரோவோஸ்ட் என்றால் மாணவர் விடுதிக்குப் பொறுப்பான பேராசிரியர். 2022 ஜனவரியில் வங்கதேசத்தின் சில்ஹெட்டில் உள்ள ஷாஜலால் பல்கலைக்கழகத்தில் மாணவிகள் தங்கள் விடுதி ப்ரோவோஸ்ட் பதவி விலக வேண்டும் என்று போராடினார்கள். அந்தச் செய்தியை அமெரிக்கப் பொருளை மனதில் வைத்துப் படித்தால் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் தலைவரையே எதிர்த்த போராட்டமாகத் தெரியும். கோடிக்கணக்கான பேர் ஆங்கிலம் எழுதுகிற பகுதி இது, இந்த வழக்குக்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

பொருள் மட்டும் வேண்டுமென்றால் கோபில்டுக்குப் போங்கள், உச்சரிப்புக்கு ஆக்ஸ்போர்டு. மெரியம்-வெப்ஸ்டரைத் திறந்தால் கடைசிப் பொருள்வரை படியுங்கள். அமெரிக்க ப்ரோவோஸ்ட் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுத வேண்டி வந்தால் ‘டியர் ப்ரோவோஸ்ட்’ என்று போட்டு அவருடைய குடும்பப் பெயரைச் சேர்த்தால் போதும், அங்கே அதுவே மரியாதையான விளிதான்.