கடையின் முகவரிப் புத்தகம்: டிஎன்எஸ்மாஸ்க்குடன் ஐந்து வருடம்

கும்பகோணத்தில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 6 கம்ப்யூட்டர், 2 பிரிண்டர், கேமரா பதிவுப் பெட்டி, பழைய அழைப்பிதழ் டிசைன்கள் அத்தனையும் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டி, அதோடு பையன்களின் போன்கள். 2020 முதல் இவற்றுக்கெல்லாம் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்) கொடுப்பது ரவுட்டர் அல்ல. ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டில் ஓடும் டிஎன்எஸ்மாஸ்க். சைமன் கெல்லி என்பவர் எழுதிய சின்ன மென்பொருள், இலவசம்.

அதற்கு முன்னால், முகூர்த்த சீசனில் கரண்ட் போய் வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். "அண்ணே, பெரிய பிரிண்டர் ஆஃப்லைன்னு காட்டுது" என்று உள்ளேயிருந்து குரல் வரும். போய்ப் பார்த்தால் விளக்கு எரியும், பேப்பர் இருக்கும், கேபிளும் சரியாக இருக்கும். பிரிண்டரிலேயே நெட்வொர்க் பக்கத்தை அச்சடித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்: நேற்று 192.168.1.7 ஆக இருந்தது இன்று 192.168.1.12. விண்டோஸ் இன்னும் 7-ஐத்தான் தட்டிக்கொண்டிருக்கும். அந்த 7 ஏதோ ஒரு போனிடம் போயிருக்கும்.

காரணம் எளிமையானது. ஒரு கருவி நெட்வொர்க்கில் சேரும்போது, "எனக்கு முகவரி தருபவர் யாராவது உண்டா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவுகிறது. முகவரி கொடுக்கும் பொறுப்பில் இருக்கும் டிஎச்சிபி சர்வர் ஒரு எண்ணைக் காட்டுகிறது. கருவி "அதையே கொடு" என்கிறது. சர்வர் "எடுத்துக்கொள்" என்று முடிக்கிறது. நான்கே செய்திகள். கிடைப்பது சொந்த முகவரி அல்ல, குத்தகை. எங்கள் பழைய ரவுட்டர் அந்தக் குத்தகைக் கணக்கை நினைவில் மட்டும் வைத்திருந்தது. கரண்ட் போனதும் கணக்கும் போய்விடும்; வந்ததும் முந்தியவருக்கு முந்திய எண்.

டிஎன்எஸ்மாஸ்க் கணக்கை ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. அந்தக் கோப்பே தொலைந்தாலும், கருவிக்குத் தயாரிப்பிலேயே வரும் அடையாள எண்ணான மேக் முகவரியை வைத்துக் கணக்கிட்டு எண்ணைத் தேர்ந்தெடுப்பதால் பெரும்பாலும் பழைய எண்ணே திரும்ப வரும். நான் அதையும் நம்பி விடவில்லை. பிரிண்டர், ஸ்டோரேஜ், கேமரா, பில் போடும் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் மேக் முகவரிப்படி எண்ணை ஒதுக்கிவிட்டேன். ஒவ்வொரு கருவியிலும் போய்க் கையால் எண் போடுவதைவிட இதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. யாருக்கு எது என்பது ஒரே இடத்தில் இருக்கும். போன்களை ஒதுக்கீட்டில் சேர்க்கவில்லை. ஆண்ட்ராய்டு 10-க்குப் பிறகு போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு மாற்று மேக் முகவரியைக் காட்டுகின்றன. ஆளின் நடமாட்டத்தை யாரும் பின்தொடரக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு அது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. முகவரி கொடுக்கும் அதே மென்பொருள்தான் பெயரைக் கேட்டாலும் பதில் சொல்கிறது. எந்தக் கம்ப்யூட்டரிலும் 'டிசைன்' என்று அடித்தால் ஸ்டோரேஜ் பெட்டி திறக்கும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு எண்களை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் மட்டும் தலை சுற்றிவிட்டது. காலையிலிருந்து போட்டிருந்த கம்ப்யூட்டர்களில் எல்லாம் சரி. மதியம் அணைத்துப் போட்ட இரண்டில் இன்டர்நெட்டும் இல்லை, பிரிண்டரும் இல்லை. கறுப்புத் திரையில், நெட்வொர்க் விவரம் காட்டும் ஐபிகான்ஃபிக் ஆல் கட்டளை கொடுத்தேன். டிஎன்எஸ்மாஸ்க் கொடுப்பது 192.168.10 வரிசை; அங்கே இருந்தது 192.168.0. டிஎச்சிபி சர்வர் என்ற வரியிலும் நான் பார்த்தே இராத முகவரி. எந்த ஐபிக்கு எந்த மேக் முகவரி என்று காட்டும் ஏஆர்பி கட்டளையில் அதன் மேக் முகவரியை எடுத்துக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். மாடியில் கிடைத்தது. வைஃபை எட்டவில்லை என்று தம்பி ஒரு பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து, லேன் துளையில் செருகியிருந்தான். அதுவும் தன் பங்குக்கு முகவரி கொடுக்க ஆரம்பித்துவிட்டது. புதிதாகக் கேட்பவர் முதலில் வந்த பதிலைப் பிடித்துக்கொள்வார். பழையவர்கள் தமக்குக் கொடுத்த சர்வரிடமே புதுப்பித்துக்கொள்வார்கள். அதனால்தான் பாதிக் கடை நன்றாக இருந்தது. அந்த ரவுட்டரில் டிஎச்சிபியை அணைத்ததும் அதே பெட்டி இன்றுவரை மாடிக்கு வைஃபை கொடுக்கிறது.

2022-இல் போர்டின் மெமரி கார்டு செத்தது. இன்டர்நெட் போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், பிரிண்ட் மட்டும் வந்துகொண்டே இருந்தது. இணையதளத்தின் பெயரைச் சொல்லி அதன் முகவரியைக் கேட்க ஆளில்லை. ஆனால் குத்தகை 12 மணி நேரம் என்பதால் எல்லோரிடமும் எண் இருந்தது, பிரிண்டரும் எண்ணால்தான் இணைக்கப்பட்டிருந்தது. அன்று மாலைக்குள் புது கார்டு போட்டுவிட்டேன். இப்போது அமைப்புக் கோப்பின் நகல் பென்டிரைவில் ஒன்று, அச்சடித்து மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்று.

கடைக்கு வெளியே டிஎன்எஸ்மாஸ்க்குக்கு அதிகாரம் கிடையாது. வீட்டிலிருந்து கடைக் கேமராவைப் பார்க்க வெளியிலிருந்து உள்ளே வர வழியாக ரவுட்டரில் ஒரு போர்ட் திறந்து பார்த்தேன், நடக்கவில்லை. ரவுட்டருக்கு வெளியிலிருந்து வந்த முகவரியே 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தது. ஐபிவி4 என்ற பழைய வகை ஐபி முகவரிகளின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியிலேயே பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டதால், பல சந்தாதாரர்கள் ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக்கொள்ள 2012-இல் ஒதுக்கிய வரிசை அது. கடைக்குள் எத்தனை ஒழுங்கு செய்தாலும் வெளியிலிருந்து வருபவருக்கு அங்கே வாசல் கிடையாது.

வீட்டில் ஒரு பிரிண்டரும் நான்கு போனும்தான் என்றால் இத்தனையும் வேண்டாம். ரவுட்டரிலேயே முகவரி ஒதுக்கீடு என்ற பக்கம் இருக்கும்; பிரிண்டரை மட்டும் அதில் சேர்த்துவிடுங்கள், பத்து நிமிட வேலை. பத்துக் கருவிகளைத் தாண்டும் கடை என்றால் தாராளமாக டிஎன்எஸ்மாஸ்க்கைப் போடலாம், கூடவே ஒரு உதிரி மெமரி கார்டும் வாங்கி வையுங்கள்.