"எல்லாமே இன்க்ளூடட்" என்று சொல்லும் க்ரூஸ் ஏஜென்ட்டை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்

ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்து, குழந்தைகளோடு கரீபியன் க்ரூஸ் போக நினைக்கும் ஹூஸ்டன், டாலஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரம் போட்டு, அழகாகத் தமிழில் பேசி, பணத்தை ஸெல் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பும் வசதி) வழியாக வாங்கிக்கொள்ளும் ஒரு ஏஜென்ட்டிடம் நாங்கள் ஏமாந்தோம்.

"மேடம், எல்லாமே இன்க்ளூடட். நீங்க பெட்டியை மட்டும் எடுத்துட்டு வாங்க" என்றார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பால்கனி அறைகள், முன்கூட்டியே கட்டிய டிப்ஸ், அப்பா அம்மாவுக்கு இந்தியச் சைவச் சாப்பாடு, மருத்துவச் செலவுக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ். இந்த நான்குக்கும் தனித்தனியாகத் தொகை போட்டு வாங்கினார்.

டெக்ஸாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் கப்பல் ஏறியதுமே முதல் பொய் தெரிந்துவிட்டது. எங்கள் அறை 9ஆம் தளத்தில், கப்பலின் முன்பக்கம். அப்பா அம்மாவுடையது 3ஆம் தளத்தில், கடைசியில், ஜன்னல்கூட இல்லாத உள்ளறை. 300 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல். முழங்கால் வலியோடு அம்மா எங்களிடம் வந்து சேர்வதே பெரிய பாடு. வரவேற்பு கவுன்டரில் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. ஏஜென்ட் எடுத்திருந்தது அறை எண் குறிக்காத மலிவு டிக்கெட். எந்த அறை மிஞ்சுகிறதோ அதைக் கப்பல் நிறுவனமே ஒதுக்கும். கப்பல் நிரம்பி வழிந்ததால் மாற்றித் தரவும் வழியில்லை.

டிப்ஸும் கட்டப்படவில்லை. தலைக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 டாலர் வரை, குழந்தைகளுக்கும் சேர்த்து, எங்கள் அறைக் கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. சைவச் சாப்பாடு பற்றி யாருக்கும் எந்தத் தகவலும் போகவில்லை. கப்பல் ஊழியர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. சாப்பாட்டுக்கூடத்தில் இருந்த மும்பைக்காரத் தலைமைப் பரிமாறுநர் நிலைமையைப் புரிந்துகொண்டு, அடுத்த நாளிலிருந்து பருப்பும் சாதமும் காய்கறியும் செய்யச் சொல்லி, அம்மாவின் தட்டைத் தானே கொண்டுவந்து வைத்தார். ஒரு காசு கூடுதலாகக் கேட்கவில்லை. ஏஜென்ட் இதற்கும் எங்களிடம் பணம் வாங்கியிருந்தார்!

இதுவரை நடந்ததையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். குழந்தைகள் நீச்சல்குளமும் சறுக்குமரமும் சிறுவர் க்ளப்புமாக அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள். ஆனால் ஹோண்டுராஸின் ரோவாட்டான் தீவைவிட்டுக் கிளம்பிய இரவு அப்பாவுக்கு வாந்தியும் பேதியும் ஆரம்பித்தது. எழுபதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி. பயந்துபோன அம்மா அறை போனில் கூப்பிட, நாங்கள் தளம் தளமாக இறங்கி ஓடினோம். கப்பலின் மருத்துவ அறையில் உடனே பார்த்து, டிரிப்ஸ் ஏற்றினார்கள். நோரோவைரஸாக இருக்கலாம் என்று அவரை அறையைவிட்டு வெளியே வரக்கூடாது என்றார்கள். இந்தக் கிருமி ஆயிரக்கணக்கானவர்கள் நெருங்கி வாழும் இடத்தில் வேகமாகப் பரவும். சானிடைசர் இதற்குச் சரியாக வேலை செய்யாது, சோப்புப் போட்டுத்தான் கை கழுவ வேண்டும். மெக்சிகோவின் கோஸ்டா மாயாவையும் கோசுமெல்லையும் அப்பா பார்க்கவே இல்லை. அந்த ஜன்னலில்லாத அறையில் பகலா இரவா என்றே தெரியாமல் படுத்திருந்தார்.

மருத்துவச் செலவு ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. கப்பல் மருத்துவ அறைகளில் பொதுவாக இன்ஷூரன்ஸ் அட்டையை ஏற்பதில்லை. பில் அறைக் கணக்கில் ஏறும், பிறகு நாம்தான் இன்ஷூரன்ஸில் கேட்டு வாங்க வேண்டும். அது தெரிந்திருந்ததால் தைரியமாகவே கையெழுத்துப் போட்டோம். கரைக்கு வந்து கேட்டால், ஏஜென்ட் அனுப்பியிருந்த 'ப்ரொடெக்‌ஷன் ப்ளான்' எந்த இன்ஷூரன்ஸ் நிறுவனத்துடையதும் அல்ல. பயணத்தை ரத்து செய்தால் தன் கட்டணத்தைக் குறைத்துக்கொள்வதாக அவரே அடித்துக்கொடுத்த ஒரு தாள், அவ்வளவுதான். அப்பாவுக்கு நாங்கள் ஏற்கெனவே எடுத்திருந்த விசிட்டர் இன்ஷூரன்ஸும், சிகிச்சை அமெரிக்காவுக்கு வெளியே நடந்தது என்று மறுத்துவிட்டது. பெற்றோரை அழைத்துப்போகும் எல்லோரும் இந்த ஒரு வரியைப் பாலிசியில் தேடிப் பாருங்கள். கடல் நடுவிலும் மருத்துவச் செலவு, தேவைப்பட்டால் ஹெலிகாப்டரில் கரை சேர்க்கும் செலவு, இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. பெற்றோரின் பாஸ்போர்ட்டுக்கு நகல் போதும், கப்பல் கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பிவருகிறதே என்றும் ஏஜென்ட் சொல்லியிருந்தார். நல்லவேளை, அசலையே எடுத்துப்போனோம். பாஸ்போர்ட் இல்லாமல் பிறப்புச் சான்றிதழோடு போகும் சலுகை அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் அமெரிக்காவுக்குள் மறுபடி நுழைகிறார்கள் என்றே கணக்கு. விசா ஒருமுறை நுழைவுக்கானது என்றால் திரும்பி வருவது சிக்கலாகலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "சிஸ்டர், கப்பல்ல நடந்ததுக்கு நான் எப்படிப் பொறுப்பு?" என்று ஒரு மெசேஜ். அதன்பிறகு போனை எடுப்பதில்லை. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் முறையிட்டிருக்கலாம். ஸெல்லில் நாமே அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

அவர் இப்போது கோடை விடுமுறைக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார். பணம் கட்டிவிட்டவர்கள் புக்கிங் எண்ணை அவரிடம் வாங்கி, இன்றைக்கே கப்பல் நிறுவனத்துக்கு நேரடியாகப் போன் செய்து, அறை எண், டிப்ஸ், உணவுக் குறிப்பு, இன்ஷூரன்ஸ் நான்கும் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். எண்ணைத் தர இழுத்தடித்தால் மேற்கொண்டு ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். இறுதித் தவணைத் தேதிக்குள் கூப்பிட்டால் பலவற்றை இன்னும் சரிசெய்துகொள்ளலாம்.